சேலத்து வெயிலைக் கொண்டு ஏற்காட்டுக் குளிரைக் கணிக்கலாம்

ஏற்காட்டுக்குப் புறப்படுமுன் கம்பளி ஆடை வேண்டுமா என்று தயங்குவோர் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரிலும் ஏற்காடு 1,500 மீட்டரிலும் இருப்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சேரும்போது சுமார் 8 டிகிரி குறைந்திருக்கும். நண்பகலில் சேலத்தில் 36 என்றால் ஏற்காட்டில் 28 என்று எதிர்பார்க்கலாம். ஈரக்காற்று மெதுவாகவே குளிரும் என்பதால் மழைநாளில் இந்த வேறுபாடு சற்றுச் சுருங்கும். கீழே மாவும் மரவள்ளியும் விளைய, மேலே அராபிகா காப்பி செழிப்பதற்கு இந்த எட்டு டிகிரி ஒரு முக்கியக் காரணம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது. சேர்வராயன் கோயில்வரை ஏறுவோர் இன்னும் ஏறக்குறைய ஒரு டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.