மல்மல் திரையில் யஸ்த் முகங்கள்

மும்பையின் இரானி டீக்கடைகளைத் தொடங்கியவர்களில் பலர் ஈரானின் யஸ்த், கெர்மான் பக்கமிருந்து வந்த ஜொராஸ்ட்ரியர்கள் (ஜரதுஷ்டிரரின் சமயத்தைப் பின்பற்றுபவர்கள்). அவர்களின் குடும்பப் படங்களைக் கண்காட்சியில் புரொஜெக்டரால் காட்ட ஒற்றைத் திரையைவிட, ஒன்றன்பின் ஒன்றாகத் துணிகளைத் தொங்கவிடும் அடுக்குத் திரையே பொருத்தம். முன்திரையில் தெளிவாக விழும் முகம் பின்னே போகப்போக மங்கிக் கரையும்.

மும்பையின் துணிச் சந்தையான மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மல்மல் என்ற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி 11 மீட்டர் வாங்கி, கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே 2 மீட்டர் நீளத்தில் 5 துண்டுகளாக வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கும். அடிமடிப்பில் அலுமினியக் கம்பி செருகுங்கள். இரும்பு என்றால் மழைக்காலத்தில் துருக்கறை படியும். திரைகளுக்கு இடையே 30 செ.மீ. விடுங்கள். புரொஜெக்டரைத் தலைக்கு மேல் மாட்டிச் சற்றே கீழ்நோக்கிச் சாயுங்கள், இல்லையேல் துணியை ஊடுருவும் ஒளி எதிரே நிற்பவர் கண்ணைக் கூசும்.

படங்களோடு வைக்கும் வாசகங்களில் அதிகம் கெடுவது பாரசீக எழுத்துதான். வலமிருந்து இடமாகச் சேர்த்தெழுதும் அதைச் சில மென்பொருள்கள் தனித்தனியாகப் பிரித்துத் திருப்பிப் போட்டுவிடும். அரபியில் இல்லாத 4 எழுத்துகள் அதில் உண்டு. அரபி எழுத்துருவில் அவை விடுபடலாம். பாரசீகம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது. மல்மலில் எழுத்து பின்புறம் இடவலம் மாறித் தெரியும் என்பதால், வாசகங்களுக்குத் தடித்த காடாத் துணி போடுங்கள்.

மூலப்படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, அன்றைக்கே வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.