பாலக்காடு பார்டர்ல இருந்து தனி விமானம் வாடகைக்கு எடுக்கறது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், மீனாட்சிபுரம்னு இந்தப் பக்கத்து ஆளுங்க சார்ட்டர் விமானம், அதாவது முழு விமானத்தையும் தனியா வாடகைக்கு எடுக்கறது பத்தி இப்ப அடிக்கடி விசாரிக்கறாங்க, கேக்கறவங்க எல்லாம் கோடீஸ்வரங்கன்னு நினைச்சுக்காதீங்க, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு கேக்கறவங்க இருக்காங்க, வயசானவங்கள திருப்பதி கூட்டிட்டுப் போக ஆசைப்படற பெரிய குடும்பம் இருக்கு, ஒரே நாள்ல மூணு ஊர் பாத்துட்டு வரணும்னு இருக்கற மில்லுக்காரங்க இருக்காங்க. யாரா இருந்தாலும் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதானுங்க, நீங்க ஏறப்போற விமானம் அனேகமா நம்ம பக்கம் நிக்கறதில்ல. பெங்களூரு, சென்னை, ஹைதராபாத், மும்பை, டெல்லின்னு எங்கயோ நிக்கும், அங்கிருந்து காலியா வந்து உங்கள ஏத்திட்டுப் போய் இறக்கிட்டு மறுபடி காலியா அதோட இடத்துக்குத் திரும்பும், அந்த காலி ஓட்டத்துக்கும் காசு நீங்கதான் குடுக்கணும்.

கணக்கு போட்டுப் பாருங்க. கோயமுத்தூர்ல ஏறி திருப்பதி போய் சாயந்திரம் திரும்பி வரணும், விமானம் பெங்களூருல நிக்குதுன்னு வெச்சுக்கங்க. பெங்களூரு டு கோயமுத்தூர் வான்வழி சுமாரா 250 கிலோமீட்டர், கோயமுத்தூர் டு ரேணிகுண்டா (திருப்பதி விமான நிலையம் இருக்கற இடம்) சுமாரா 400, திரும்ப 400, அப்புறம் பெங்களூருக்கு 250. மொத்தம் 1,300, அதுல நீங்க உக்காந்து போனது 800தான். சின்ன டர்போப்ராப் விமானத்துக்கு (முன்னாடி விசிறி சுத்தற ரகம்) இது ஏறி இறங்கற நேரத்தோட சேத்து மூணரை மணி நேரத்துக்கிட்ட வரும், சின்ன விமானமே மணிக்கு லட்சத்தைத் தாண்டும்ங்கறப்ப மீதிய நீங்களே பெருக்கிக்கங்க. இதே விமானம் டெல்லில நிக்குதுன்னா கோயமுத்தூருக்கு வரவே 1,900 கிலோமீட்டருக்கு மேல. அதனால போன் போட்டதும் ரேட் கேக்காதீங்க, விமானம் இப்ப எங்க நிக்குதுன்னு கேளுங்க. ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டா ஒருத்தர்கிட்ட பக்கத்துலயே நிக்கறது கிடைக்கலாம், அதுதான் உண்மையான டிஸ்கவுண்ட்.

எங்க ஏறறதுன்னா, பாலக்காடு மாவட்டத்துல விமான நிலையமே இல்ல, நம்ம ஆளுங்களுக்கு கோயமுத்தூர் பீளமேடுதான் கிட்ட. ரன்வே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளம், எந்த பிசினஸ் ஜெட்டும் தாராளமா இறங்கும். வடக்கஞ்சேரி, ஆலத்தூர் பக்கம் இருக்கறவங்க நெடும்பாசேரில இருக்கற கொச்சி விமான நிலையத்தையும் யோசிக்கலாம், திருச்சூர் போற வழில குதிரான் சுரங்கம் வந்தப்புறம் அந்த ரோடு முன்ன மாதிரி இழுக்கறதில்ல, அதுவுமில்லாம கொச்சில 2022 டிசம்பர்ல இருந்து சார்ட்டருக்குன்னே தனி டெர்மினல் இருக்கு, வீல்சேர்ல வர்றவங்களுக்கு அது பெரிய நிம்மதி. குமுளி, கம்பம் பக்கத்து ஆளுங்க வண்டிப்பெரியார் சத்திரத்துல ரன்வே இருக்கேன்னு கேப்பாங்க, அது என்சிசி பசங்க பயிற்சிக்கு கட்டினதுங்க, குட்டி விமானத்துக்கு மட்டும்தான், சார்ட்டருக்கு ஆகாது.

போய் இறங்கற இடத்தையும் பாக்கணும். திருமலைக்கு மேலயே இறங்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ரேணிகுண்டாவுல இறங்கி கார்லதான் மலையேறணும். புட்டபர்த்தில இருக்கறது டிரஸ்ட்டோட விமான நிலையம், முன்கூட்டியே அனுமதி வாங்கணும். சேலத்துல ரன்வே 1,800 மீட்டர்தான், பெரிய ஜெட்டுக்கு ஆபரேட்டர் யோசிப்பாரு, சின்ன ஊர்ல எல்லாம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்னும் கேட்டுக்கணும்.

இனி சொல்றத தயவுசெஞ்சு கவனமா படிங்க. காசு வாங்கிட்டு ஆள ஏத்தணும்னா விமானம் ஓட்டற கம்பெனிகிட்ட (ஆபரேட்டர்) டிஜிசிஏ, அதாவது மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகம் குடுத்த என்எஸ்ஓபி பெர்மிட் (அட்டவணை இல்லாம வாடகைக்கு ஓட்டற அனுமதி) இருக்கணும், அந்த பெர்மிட்ல அந்த விமானத்தோட நம்பரும் இருக்கணும். விடி-ல ஆரம்பிக்கற நம்பர் இருந்தா போதும்னு சில ப்ரோக்கருங்க சொல்லுவாங்க, இந்தியாவுல பதிவான எல்லா விமானத்துக்கும் விடி தான் வரும், ஒரு முதலாளி சொந்தத்துக்கு வாங்கி வெச்சிருக்கற விமானத்துக்கும் அதேதான். சொந்த உபயோக விமானத்த வாடகைக்கு விடறது சட்டப்படி கூடாது, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிக்கலாம், குடும்பத்துக்கு ஒண்ணும் கிடைக்காம போகலாம். ரேட் ரொம்ப கம்மியா வந்தா முதல் சந்தேகம் இதுவாத்தான் இருக்கணும். டிஜிசிஏ வெப்சைட்ல பெர்மிட் வெச்சிருக்கறவங்க லிஸ்ட் விமான நம்பரோட இருக்கு, கோட்டேஷன்ல நம்பர் எழுதித் தரச் சொல்லி அதுல ஒத்துப் பாருங்க, நம்பர் தரமாட்டேன்னு இழுத்தா அங்கயே விட்டுடுங்க. கடைசி நேரத்துல வேற விமானம் அனுப்பினா அதோட நம்பரையும் பாருங்க.

விமானம் எதுன்னா, சென்னை, பெங்களூரு, திருப்பதி மாதிரி கிட்டத்து ஊருக்கு ஜெட் வேண்டியதே இல்ல. கிங் ஏர்ங்கற டர்போப்ராப்புல சி90-ல அஞ்சாறு பேர், பி200-ல ஏழெட்டு பேர் போகலாம், ஜெட்ட விட இருபது நிமிஷம் கூட ஆகும் அவ்வளவுதான், காசு நிறைய மிச்சம். மும்பை, டெல்லின்னா சைட்டேஷன், ஹாக்கர் மாதிரி ஜெட் சரி. சீட் இருக்கற அளவுக்கு ஆளும் ஏத்தி பெட்டியும் ஏத்த முடியாது, சின்ன விமானத்துல எடைதான் எல்லாமே, ஒவ்வொருத்தர் எடையும் பெட்டி எடையும் கூச்சப்படாம சரியா சொல்லுங்க. எடை கூடினா எண்ணெய குறைக்கணும், எண்ணெய் குறைஞ்சா நடுவுல ஒரு ஊர்ல இறங்கணும்.

கோட்டேஷன எழுத்துல வாங்குங்க. பறக்கற மணி நேரம், காலி ஓட்டம், ஏர்போர்ட் சார்ஜ், ஹேண்ட்லிங் (ஏர்போர்ட்ல விமானத்தையும் ஆளுங்களையும் பாத்துக்கறவங்களுக்கான காசு), காத்திருக்கற காசு, ராத்திரி தங்கினா பைலட்டுக்கு ரூம், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியா இருக்கணும். நிறைய பேர் ஒரு நாளைக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரம்னு பில் போடுவாங்க, நாப்பது நிமிஷம் பறந்தாலும் அதேதான். கேன்சல் பண்ணினா எவ்வளவு பிடிப்பாங்க, மழை காத்துனால அவங்களே நிறுத்தினா முழுசா திரும்ப வருமா, இதையும் கேளுங்க. பணத்த கம்பெனி அக்கவுண்ட்டுக்கு மட்டும் அனுப்புங்க, 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது வருமான வரி சட்டப்படியே தப்பு. எம்ப்டி லெக்னு, காலியா போற விமானத்துல பாதி ரேட்டுக்கு வரும், நல்லதுதான், ஆனா அது அவங்க நேரத்துக்கு அவங்க போற ஊருக்கு மட்டும், கல்யாண முகூர்த்தத்துக்கு அத நம்பி இருக்காதீங்க.

ஏர் ஆம்புலன்ஸ்னா வேற கணக்கு. விமானம் வேற ஊர்ல இருந்து வரணும், நோயாளிய ஏத்தணும், அங்க இறக்கி மறுபடி ஆம்புலன்ஸ்ல போகணும், பெட்ல இருந்து பெட் வரைக்கும் எத்தனை மணி நேரம்னு கேளுங்க, சென்னைக்கு ரோட்டுல எட்டு மணி நேரம்னா சில சமயம் பெரிய வித்தியாசமே இருக்காது. கோயமுத்தூருக்கோ கொச்சிக்கோ போறதுக்கு ரோடுதான் சீக்கிரம். போற ஆஸ்பத்திரில பெட் உறுதியாகாம விமானத்துக்கு காசு கட்டாதீங்க. மேல பறக்கறப்ப கேபினுக்குள்ள காத்தழுத்தம் 6,000, 8,000 அடி உயர மலைல இருக்கற மாதிரி குறையும், நுரையீரல்ல காத்து கசிஞ்சவங்களுக்கும் புதுசா மூளைலயோ வயித்துலயோ ஆபரேஷன் ஆனவங்களுக்கும் அது ஆபத்து, பாக்கற டாக்டரும் விமானத்துல வர்ற டாக்டரும் நேரடியா போன்ல பேசிக்கணும், நடுவுல ப்ரோக்கர் தகவல் சொல்றது போதாது. தேவைன்னா தாழப் பறந்து அழுத்தத்த கீழ இருக்கற அளவுக்கே வெக்கலாம், எண்ணெய் கூட ஆகும், முன்னாடியே சொல்லணும். ஆம்புலன்ஸ் விமானத்துக்கிட்ட போகணும்னா வண்டி நம்பரும் டிரைவர் ஐடியும் ஏர்போர்ட்டுக்கு முன்னாடியே போயிருக்கணும். ஸ்ட்ரெச்சர்ல படுத்தே போகணும் ஆனா அவ்வளவு அவசரமில்லைன்னா சில ஏர்லைன்ஸ் சாதாரண விமானத்துலயே சீட்ட மடக்கி ஸ்ட்ரெச்சர் போட்டுத் தருவாங்க, ரெண்டு மூணு நாள் முன்ன கேக்கணும், செலவு ரொம்ப குறைவு.

போற நாளைக்கு எல்லாரோட ஐடியும் அசல் வேணும், பேர் லிஸ்ட்ல இருக்கற மாதிரியே. தனி விமானம்னாலும் கோயமுத்தூர்ல சிஐஎஸ்எஃப் (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) செக்கிங் உண்டு. எந்த வாசலுக்கு வரணும்னு ஹேண்ட்லிங் ஆள்கிட்ட முந்தின நாளே கேட்டுக்கங்க, வாளையார்ல லாரி நின்னா எவ்வளவு நேரம் போகும்னு நமக்குத் தெரியும், அத சேத்து கிளம்புங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் மழையும் இருக்கும், டிசம்பர் ஜனவரில பெங்களூருல காலைல பனி மூடும், ரெண்டு காலத்துலயும் விமானம் லேட்டா வர வாய்ப்பு இருக்கு. திரும்பற நேரத்த மட்டும் இழுக்காதீங்க, பைலட்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் டூட்டின்னு சட்டம் இருக்கு, தரிசனம் லேட்டாயிடுச்சு இன்னொரு ரெண்டு மணி நேரம் இருங்கன்னு கேட்டா அவங்களால முடியாம போகலாம், அப்ப ராத்திரி அங்கயே தங்கல், அதுக்கும் பில் வரும், அதனால காலைலயே பைலட்கிட்ட எத்தனை மணி வரைக்கும் நிக்க முடியும்னு நேர்ல கேட்டு வெச்சுக்கங்க.