மரத்தில் செய்த கையடக்க வேப்பரைசர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேப்பரைசர் என்பது உலர்ந்த பூவை எரிக்காமல் சூடாக்கி அதன் ஆவியை மட்டும் இழுக்கத் தரும் கருவி. மேஜிக் ஃப்ளைட் லாஞ்ச் பாக்ஸ் என்ற அப்படியொரு மரப்பெட்டியை முதன்முதலில் கையில் வாங்குபவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பொத்தானைத் தேடுவார்கள். அப்படி ஒன்று அதில் கிடையாது. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மேப்பிள், வால்நட், செர்ரி போன்ற மரங்களைக் குடைந்து செய்த பெட்டி அது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பருமன், உள்ளங்கையில் மறைந்துவிடும். மேலே ஒளி ஊடுருவும் அக்ரிலிக் மூடி. மூடியை நகர்த்தினால் உள்ளே சின்னதாக ஒரு பள்ளம், அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிவலை. ஒரு துளையில் ஏஏ பேட்டரியைச் செருகி அழுத்தினால் மின்சாரம் அந்த வலை வழியாகவே ஓடி அதைச் சூடாக்கும். இன்னொரு துளையில் கண்ணாடித் தண்டைச் செருகி ஆவியை இழுக்க வேண்டும்.

வெப்பத்தை அளக்கும் சென்சார், அளவு மீறினால் நிறுத்தும் சில்லு எதுவும் இதில் கிடையாது. அழுத்தும் விரலும் இழுக்கும் மூச்சும்தான் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் இந்தப் பெட்டியில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கையிலிருந்துதான் வருகின்றன. ‘புகைதான் வருகிறது’, ‘ஒன்றுமே வரவில்லை’ என்று சொல்லி இழுப்பறையில் போட்டுவிட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒதுக்கிய பெட்டியில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தப் பெட்டியில் சிலர் கெமோமில், லாவெண்டர் போன்ற உலர்ந்த பூக்களைப் போடுவார்கள். ஆனால் வாங்குபவர்களில் பெரும்பாலோர் கஞ்சாவுக்காகத்தான் வாங்குகிறார்கள். கலிபோர்னியாவில் 21 வயது நிரம்பியவர்களுக்கு 2016 நவம்பர் வாக்கெடுப்பு அதை அனுமதித்தது, கடை விற்பனை 2018 ஜனவரி 1-இல் தொடங்கியது. அப்படிச் சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

வறுக்கத் தெரிந்தவருக்கு இது புரியும்

வெந்தயம் வறுத்திருப்பீர்கள். பொன்னிறமாகி வாசம் கிளம்பும் நொடிக்கும் கருகிக் கசக்கும் நொடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகச் சின்னது. இந்தப் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பூவிலுள்ள வாசனைப் பொருள்களும் மற்றவையும் சுமார் 160 முதல் 220 டிகிரி செல்சியஸுக்குள் ஆவியாகின்றன. 230-ஐத் தாண்டினால் பூ கருகத் தொடங்கிவிடும். கருகிவிட்டால் வேப்பரைசர் வாங்கியதற்கே பொருள் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் டோனல்ட் ஆப்ராம்ஸ் குழுவினர் 18 பேரை வைத்து நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆவியாக இழுத்தவர்களின் மூச்சில் கார்பன் மோனாக்சைடு, புகைத்தவர்களைவிட மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் பயன்படுத்தியது வெப்பக் கட்டுப்பாடு உள்ள மேசைக் கருவி. கையால் இயக்கும் பெட்டியில் அந்தப் பலன் வேண்டுமானால் கருகவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஆவி நுரையீரலுக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. புகையோடு ஒப்பிட்டால் தீங்கு குறையும் என்பது மட்டுமே என் கணிப்பு.

சரி, எங்கே தவறுகிறோம்? எல்லாரும் செய்யும் முதல் தவறு, பேட்டரியை அழுத்திக்கொண்டே வெண்ணிற ஆவி தெரியட்டும் என்று காத்திருப்பது. கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும்போது பதம் தாண்டியிருக்கும். மூன்று நான்கு நொடி அழுத்திவிட்டு மெதுவாக இழுக்கத் தொடங்குங்கள். முதல் இழுப்பில் சுவைதான் வரும், ஆவி அவ்வளவாகத் தெரியாது. அது சரியான அறிகுறி.

அடுத்தது வேகமாக இழுப்பது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தவர்களுக்கு இது உடனே போகாது. வேகமாக இழுத்தால் வெளிக்காற்று வெள்ளமாக உள்ளே போய் வலையைக் குளிர வைத்துவிடும். ஆவி வரவில்லையே என்று இன்னும் நேரம் அழுத்துவோம். மூச்சு நிரம்பியதும் இழுப்பதை நிறுத்துவோம், விரல் மட்டும் பேட்டரியை விடாது. குளிர்விக்க வரும் காற்று நின்றுபோய் மின்சாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஓரிரு நொடியில்தான் பூ கருகுகிறது. எனக்கு முதல் வாரம் முழுக்க இதே கதைதான். பெட்டியில் கோளாறு என்றே நினைத்தேன். பிறகு மூச்சு முடிவதற்கு இரண்டு நொடி முன்பே பேட்டரியை விட்டுவிடப் பழகினேன். வலையில் தங்கியிருக்கும் சூடே மிச்சத்துக்குப் போதும். அன்றிலிருந்து கருகல் வாடை வந்ததில்லை.

பூவை எப்படிப் பொடிக்கிறோம் என்பதும் முக்கியம். இந்தப் பெட்டியில் பூ சூடான வலையைத் தொட்டுத்தான் வேகிறது. பெரிய துண்டாக இருந்தால் அடிப்பக்கம் கருகும், மேல்பக்கம் பச்சையாகவே கிடக்கும். மாவாக அரைத்தாலோ தூள் தண்டு வழியாக வாய்க்கு வரும். ரவைப் பதம்தான் சரி. ஈரமான பூவைப் போட்டால் முதல் சில இழுப்புகள் தண்ணீரை விரட்டுவதிலேயே வீணாகும். பள்ளத்தில் திணித்து அமுக்குவதும் வேண்டாம், அமுக்கினால் காற்றுக்கு வழியிருக்காது. தளர்வாகப் போட்டு மூடியை மூடி, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் பெட்டியை ஒருமுறை குலுக்குங்கள். அடியில் இருப்பது மேலே வரட்டும். காப்பிப்பொடி நிறம் வந்துவிட்டால் அதில் இனி எடுக்க ஒன்றுமில்லை. அதற்கு மேலும் இழுத்தால் தொண்டைதான் கரகரக்கும்.

பேட்டரியில் விளையாட வேண்டாம்

கையால் செய்த மரப்பொருள் என்பதால் இதில் ஆபத்து இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பே ஆபத்து.

இந்தப் பெட்டிக்கு வேண்டியது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, 1.2 வோல்ட். கடையில் விற்கும் சாதாரண அல்கலைன் பேட்டரியில் 1.5 வோல்ட் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அது இன்னும் நன்றாகச் சுடும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது தலைகீழ். வலை சூடாக ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் பாய வேண்டும். அல்கலைன் பேட்டரியின் உள்மின்தடை அதிகம், அவ்வளவு மின்சாரம் கேட்டால் அதன் மின்னழுத்தம் படுத்துவிடும். வலை வெதுவெதுப்போடு நின்றுபோகும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசமானது. 14500 என்ற எண்ணில் ஒரு லித்தியம் அயான் பேட்டரி வருகிறது. பார்க்க அசல் ஏஏ அளவு, துளைக்குள் சரியாகப் போய்விடும். ஆனால் அது 3.7 வோல்ட். மின்னழுத்தம் மூன்று மடங்கானால், அதே வலையில் வெப்பம் மூன்று மடங்கு ஆகாது, ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். வலை உருகி அறுந்துபோகலாம், மரம் தீயலாம், பேட்டரியே தீப்பிடிக்கலாம். இதைச் செய்து பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இந்தப் பெட்டிக்கான பேட்டரியின் ஒரு முனையில் பிளாஸ்டிக் உறையைக் கொஞ்சம் உரித்து உலோகம் தெரியும்படி வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் தொடர்பு கிடைக்க அது வேண்டும். சட்டைப்பையில் சாவியோடும் சில்லறையோடும் கிடந்தால் அதுவே குறுக்குச் சுற்றுக்கு (ஷார்ட் சர்க்யூட்) வழி. கால்சட்டைப்பை சுடுகிறதே என்று கையை விட்டால் தொட முடியாத சூட்டில் பேட்டரி இருக்கும். கூடவே வரும் மூடியைப் போட்டு வையுங்கள், தொலைந்துபோனால் சின்ன பிளாஸ்டிக் டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய், மெழுகு ஊற்றாதீர்கள்

உலர்ந்த பூவுக்காகச் செய்த பள்ளத்தில் கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெய், மெழுகு போன்ற சாறுகளை ஊற்றினால் அவை வலை வழியாக ஒழுகி மரத்துக்குள் இறங்கிவிடும். பிறகு அந்த இடத்தைச் சுத்தம் செய்யவே முடியாது. அதைவிடக் கவலை தருவது எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான். 2019-இல் அமெரிக்காவில் வேப்பிங்கால், அதாவது மின்கருவிகளில் ஆவி இழுத்ததால், வந்த நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரைக்குமான கணக்கில் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 68 பேர் இறந்தார்கள். முறையற்ற வழியில் விற்ற எண்ணெய்க் குப்பிகளில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் அதன் முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. உலர்ந்த பூவில் அந்தக் கலப்புக்கு இடமில்லை. பூவுக்கான பெட்டியில் பூ மட்டும் இருக்கட்டும்.

மரத்தை மரமாக நடத்துங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இந்தப் பெட்டியைப் பழுதாக்கும் இரண்டு திரவங்கள், தண்ணீரும் ஆல்கஹாலும்.

மரம் ஈரத்தை உறிஞ்சினால் வரிக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். தண்ணீரில் முக்கி எடுத்த பெட்டியில் பேட்டரித் துளை இறுகிப்போகலாம், காயும்போது விரிசலும் விடலாம். ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் அக்ரிலிக் மூடியில் சிலந்தி வலை போல நுண்ணிய கீறல்கள் ஓடும். அவை மறையாது. கண்ணாடித் தண்டை மட்டும் தனியாகக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைக்கலாம். ஊறியதும் வெந்நீரில் அலசி நன்றாகக் காயவிட்ட பிறகே பெட்டியில் செருக வேண்டும். அந்த ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்.

பெட்டியின் உள்ளே ஒவ்வொரு முறையும் இன்னும் இளஞ்சூடு இருக்கும்போதே சின்ன பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டால் போதும். ஆறிவிட்டால் பிசின் ஒட்டிக்கொள்ளும். ஊசி, குண்டூசி, கத்திமுனை கொண்டு வலையைச் சுரண்டாதீர்கள். ஒரு கம்பி அறுந்தாலும் மின்சாரம் ஓடும் பாதை மாறிவிடும், அந்த இடத்தில் மட்டும் அதிகமாகச் சூடேறும்.

மெருகு மங்கினால் நம் வீட்டுப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவத் தோன்றும். தடவாதீர்கள். அவை மரத்தின் மேல் இறுகி உலர்வதில்லை. சில மாதத்தில் பிசுபிசுத்துத் தூசி சேர்ந்து, சிக்கு வாடை வரும். வாயருகே கொண்டுபோகும் பொருளில் அந்த வாடையை நினைத்துப் பாருங்கள். டங் என்ற மரத்தின் விதையில் எடுக்கும் கலப்படமில்லாத டங் எண்ணெய் உலர்ந்து கெட்டியாகும் வகை. உப்புத்தாளில் 400-ஆம் எண் வாங்கி வரிப்போக்கிலேயே லேசாகத் தேய்த்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டு வெளிப்பக்கம் மட்டும் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு நாள்கணக்கில் காயவிடுங்கள். பள்ளத்தின் பக்கம் போக வேண்டாம். ஹார்டுவேர் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது இந்த வேலைக்கு ஆகாது. இப்படி உலரும் எண்ணெய் எதில் நனைந்த துணியையும் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

செர்ரி மரத்தில் வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். செர்ரி வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகக் கருக்கும். பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டினால் அதைப் பிய்க்கும்போது அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். வால்நட் இதற்கு நேர்மாறு, காலப்போக்கில் வெளுக்கும். இரண்டும் இயல்புதான். பழுதாகிவிட்டதோ என்று பயந்து தேய்க்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் எந்த மரப்பெட்டியையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது

இதை எழுதாமல் விட மனமில்லை. விடுமுறைக்குச் சென்னை கிளம்பும்போது பெட்டியையும் பையில் போட்டுக்கொள்ளும் நண்பர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் 2019 மின்னணு சிகரெட் தடைச் சட்டம், நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பொருளைச் சூடாக்கி இழுக்கத் தரும் மின்கருவி எதையும் அந்த வரையறைக்குள் கொண்டுவருகிறது. இறக்குமதிக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கஞ்சாத் துகள் தனி வழக்கு. சிங்கப்பூரிலோ 2018 பிப்ரவரியிலிருந்து வேப்பரைசரை வைத்திருப்பதே குற்றம். அமெரிக்காவுக்குள் பறந்தாலும் மத்திய அரசின் சட்டம் மாநிலச் சட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் வைப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. இழுத்து முடித்த பழுப்புத்தூள் செத்துப்போன சாம்பல் என்று நினைத்துத் திறந்த குப்பைத்தொட்டியில் கொட்டுவார்கள். அதில் போதைப்பொருள் இன்னும் மிச்சமிருக்கும். சூடுபட்டதால் அது சாப்பிட்டாலே வேலை செய்யும் நிலைக்கு வந்திருக்கும். குழந்தை அள்ளி வாயில் போட்டாலோ நாய் முகர்ந்து நக்கினாலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டிவரும். தூளை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் சேர்த்து, பெட்டியோடும் பேட்டரியோடும் சேர்த்துப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். வீசும்போது காப்பிச் சக்கையோடு பிசைந்து, உறையில் கட்டி, நாய்க்கு எட்டாத வெளித்தொட்டியில் போடுங்கள்.