கர்நாடகத்து மாடு நம் கொட்டகைக்கு வந்தால்: எதை எழுதணும், யாரிடம் சொல்லணும்

எங்கள் பக்கத்தில் பால் தொழில் தொடங்குகிற பலருக்கும் முதல் நினைப்பு ஒன்றுதான்: கர்நாடகத்துச் சிந்தாமணிக்குப் போய் நல்ல எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் இனம்) கறவை ஒன்று பிடித்து வந்துவிடணும். மடி, பல், ஈத்து, ஒரு நேரக் கறவை எல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் அந்த மாட்டுக்கோ பக்கத்துக் கட்டுத்தறி மாட்டுக்கோ உடம்பு கெட்டால் கால்நடை டாக்டர் கேட்கும் முதல் கேள்வி வேறு. "புது மாடு எப்போ வந்தது? எங்கேயிருந்து வந்தது?"

இதற்குப் பதில் தெரியாமல் நான் நின்றிருக்கிறேன். ஒரே மாதத்தில் இரண்டு மாடு வாங்கினேன், இரண்டும் கைமாறி வந்தவை. நடுவில் என் கிடாரி ஒன்றைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விற்றேன். சில மாதம் கழித்து, வீட்டிலேயே வளர்ந்த ஏழு மாதச் சினை மாடு கன்று வீசியது. ரத்தப் பரிசோதனையில் புருசெல்லோசிஸ், அதாவது சினையைக் கலைக்கும் தொற்றுநோய். விற்ற கிடாரி புது மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்ததா, அதற்கு முன்பே போய்விட்டதா? எனக்குத் தேதி நினைவில்லை. அவர் தன் மாடுகள் அத்தனைக்கும் ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. உயிருள்ள மாட்டை வெளிநாட்டிலிருந்தே இறக்குவது வேறு வேலை. அதற்கு 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம், மத்திய அரசின் முன் அனுமதி, சென்னை போன்ற ஊர்களில் உள்ள அரசுத் தனிமை நிலையம் எல்லாம் உண்டு. இங்கே சொல்வது வெளிமாநிலத்து மாடு வாங்கும் சின்னப் பண்ணைக்காரருக்கு.

படி 1: பணம் கொடுக்கும் முன் காதைப் பாருங்கள்

காதில் மஞ்சள் வில்லை இருக்கும், அதில் 12 இலக்க எண். பெரும்பாலும் சாணமும் மண்ணும் அப்பியிருக்கும். கட்டைவிரலால் துடைத்துவிட்டு, நான்கு நான்கு எண்ணாக உரக்கப் படியுங்கள். கூட வந்தவர் எழுதிக்கொண்டு திரும்பப் படிக்கட்டும். அப்புறம் வில்லையும் மாட்டின் முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. ஓர் எண் தப்பினாலும் அது வேறு யாருடைய மாடோ ஆகிவிடும்.

வில்லை இல்லாமல் காதில் பழைய துளை மட்டும் இருந்தால், அல்லது புது வில்லையைச் சுற்றிப் புண் ஆறாமல் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். காட்டில் மாட்டி அறுந்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் பதில் தெளிவாக வரணும். அந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் எண்ணைக் கொடுத்தால், மத்திய அரசின் 'பாரத் பசுதன்' கணினிப் பதிவில் மாட்டின் வயது, போட்ட தடுப்பூசி என்று என்னென்ன ஏறியிருக்கிறதோ பார்த்துச் சொல்வார்கள். சந்தையில் பிடிப்பதைவிட வளர்த்தவர் வீட்டில் பிடிப்பதே நல்லது என்பேன். சந்தை மாடு நேற்று எந்த மாட்டோடு மூக்கு உரசியது என்று யாராலும் சொல்ல முடியாது.

முடிந்தால் வாங்கும் முன்பே புருசெல்லோசிஸுக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள். மாட்டு விலையோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை.

படி 2: வண்டி ஏற்றும்போது

1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, மாடு பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லாதது என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்று வேண்டும். சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றவும் கூடாது. நோய் பரவிய இடத்தைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அரசு அறிவித்திருந்தால் அங்கிருந்து மாட்டை நகர்த்தவே கூடாது. அதனால் கிளம்பும் முன் அந்த ஊர் மருந்தகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

சான்றை சோதனைச் சாவடியில் காட்டியதோடு கசக்கிப் போடாதீர்கள். வண்டி எண், ஓட்டுநர் பெயர், வழியில் எங்கே இறக்கித் தண்ணீர் காட்டினார்கள் என்பதை அதன் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

படி 3: வந்த அன்றே நோட்டும் தனிக் கொட்டகையும்

மாட்டை இறக்கியதும், ஆரத்தி எடுத்தபிறகு ஆனாலும் சரி, படுக்கப்போகும் முன் நோட்டின் முதல் வரி எழுதியாகணும். வந்த தேதி, நேரம், வில்லை எண், விற்றவர் பெயரும் ஊரும், அவர் யாரிடம் வாங்கினார் என்பது. இதற்குச் சட்டம் ஒரு படிவம் தரவில்லை. 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். மாட்டுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு குறைந்தது 21 நாள், இடம் இருந்தால் 30 நாள், தனியாகக் கட்டுங்கள். அதற்கென்று தனி வாளி, தனித் தொட்டி, தனிக் கயிறு. பழைய மாடுகளைக் கறந்து முடித்துவிட்டுத்தான் புது மாட்டிடம் போகணும். திரும்பி வரும்போது கைகாலைக் கழுவி, வாசலில் வாஷிங் சோடா கரைசலில் செருப்பை நனைக்கணும். லிட்டருக்கு 40 கிராம். கோமாரி வைரசுக்கு அது போதும். தோல் கழலை நோய் ஈ, கொசு, உண்ணி மூலம் பரவுவதால் பத்தடி இடைவெளி மட்டும் காப்பாற்றாது. உண்ணி மருந்தும் சாயந்திர மூட்டமும் சேர்ந்து வேண்டும்.

இந்த நாட்களில் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதுங்கள். சாதாரணமாக 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். என் நோட்டில் ஒரு நாள் இப்படி: "5-ஆம் நாள். காலை 101.8, மாலை 103.4. தீவனம் பாதி மிச்சம். வாயில் புண் இல்லை, குளம்பு இடுக்கு சுத்தம். மூக்கில் சளி. டாக்டருக்கு போன், மாலை 6.10." அந்த மாடு வெறும் சளியோடு தப்பித்தது. ஆனால் டாக்டர் வந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைத் தொட்டார்.

படி 4: வில்லையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்

முதல் வாரத்திலேயே உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போய், வெளிமாநிலத்திலிருந்து மாடு வந்திருக்கிறது, பதிவில் உரிமையாளரை மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த ஒரு வேலையைத்தான். மாற்றாவிட்டால் கணக்குப்படி மாடு இன்னும் கர்நாடகத்தில்தான் நிற்கும். அங்கே நோய் கண்டால் யாரைத் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. காப்பீடு எடுப்பவர்களும் கவனியுங்கள்: வில்லை இல்லாத மாடு செத்தால் இழப்பீடு இல்லை.

படி 5: சந்தேகம் வந்த உடனே சொல்லுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பட்டியலில் உள்ள நோய் என்று நம்பக் காரணம் இருந்தாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்கணும். நோய் என்று உறுதியாகும் வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. மாட்டைத் தனியே பிரித்துக் கட்டுவதும், பொது மேய்ச்சலுக்கும் பொதுக் குளத்துக்கும் விடாமல் இருப்பதும் அதே சட்டத்தின் கடமைகள். நடைமுறையில் நான் முதலில் கால்நடை டாக்டருக்கு, இல்லையென்றால் கால்நடை உதவி எண் 1962-க்கு போன் செய்வேன். அடுத்து வி.ஏ.ஓ.விடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி நோட்டில் ஒட்டிவிடுவேன்.

எதற்குச் சொல்லணும்? நூல் நூலாக எச்சில் ஒழுகி, மாடு வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு நொண்டினால் கோமாரியாக இருக்கலாம். காய்ச்சலோடு உடம்பெங்கும் கட்டிகள் எழும்பினால் தோல் கழலை. தொண்டை வீங்கி மூச்சு இழுத்தால் தொண்டை அடைப்பான். ஐந்து மாதத்துக்கு மேல் சினை கலைந்தால் புருசெல்லோசிஸை நினைக்கணும். இது மனிதருக்கும் ஒட்டும். நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோலை உரிக்கவோ வயிற்றைத் திறக்கவோ கூடாது. அந்தக் கிருமி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். டாக்டர் வந்து சொன்னபடி ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்.

சொன்னால் பால் சொசைட்டியில் பாலை நிறுத்திவிடுவார்கள், பெயர் கெட்டுவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் நோய் பரவிவிட்டால் இழப்பு அதைவிடப் பெரிது. தோல் கழலை நம் நாட்டில் 2019-ல் ஒடிசாவில் முதலில் தெரிந்தது. 2022-ல் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மாடுகள் செத்தன. இதற்கு நேர்மாறாக, ஒரு காலத்தில் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) பாருங்கள். நம் நாட்டில் அது கடைசியாகக் கண்டது 1995-ல். ஊசியோடு, ஊர் ஊராக நோயைத் தேடிப் பதிவு செய்ததும் சேர்ந்துதான் அதை ஒழித்தது.

படி 6: விற்கும்போது

தனிமை முடிந்த பிறகும் தடுப்பூசித் தேதி, சினை ஊசி, கொடுத்த மருந்து, எத்தனை நாள் பாலைச் சேர்க்காமல் கொட்டினோம், யார் யார் கொட்டகைக்கு வந்து போனார்கள் என்று எழுதிக்கொண்டே வரணும். கோமாரி கண்டு தேறிய மாடு, பார்க்க நன்றாக இருந்தாலும், தொண்டையில் வைரசை மூன்று வருடம் வரைகூட வைத்திருக்கலாம். அதனால் மாடு போன பிறகும் ஐந்து வருடம் நோட்டைத் தூக்கிப் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மாட்டை விற்றால் அந்த நான்கு பக்கத்தையும் நகலெடுத்து, வாங்குகிறவர் கையில் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு கிடாரி போனது. வாங்கியது அதே பக்கத்துத் தோட்டக்காரர். வில்லை எண்ணை அவர் படிக்க, நான் நோட்டைப் பார்த்துச் சரிபார்த்தேன். கிளம்பிய நேரம் காலை 7.40 என்று இரண்டு நோட்டிலும் எழுதிவிட்டு, கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.