ஸ்பானிய இலக்கியத்தை எங்கிருந்து தொடங்கலாம்? புதியவர்களுக்கு ஒரு வரிசை

ஸ்பானிய இலக்கியம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலர் மிகப் பழைய வீரகாவியமான 'சித்'தை முதலில் எடுத்து, பாதியில் மூடிவைத்துவிடுகிறார்கள். கால வரிசை பரீட்சைக்குச் சரி, வாசிப்புக்கு ஒத்துவராது. இலக்கிய வகையைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பே போதும்.

படி 1: லாசரில்யோ

'லாசரில்யோ தெ தோர்மெஸ்' சின்னப் புத்தகம். 1554-ல் வெளிவந்த பதிப்புகளில் ஆசிரியர் பெயர் இல்லை. ஓர் ஏழைப் பையன் எஜமான் மாற்றி எஜமானிடம் வேலை பார்க்கும் கதை. மூன்றாவது பகுதியை நிதானமாகப் படியுங்கள். வீட்டில் ரொட்டித் துண்டுகூட இல்லாத ஒரு குடிப்பெருமைக்காரர், வயிறாரச் சாப்பிட்டவர் போலப் பல்லைக் குத்திக்கொண்டு நிற்பார். அடிமட்டத்தில் இருப்பவன் தன் கதையைத் தானே சொல்லும் 'பிகரெஸ்க்' நாவலுக்கு இதுதான் தொடக்கம். பாதிரிகளைக் கிண்டலடித்த இந்தப் புத்தகம் 1559-ல் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

படி 2: தோன் கிஹோத்தே

செர்வாந்தெஸ் எழுதியது, நாம் டான் குவிக்ஸாட் என்று சொல்லும் அதே நாவல். சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் எடித் கிராஸ்மன் மொழிபெயர்ப்பைத்தான் சிபாரிசு செய்வேன்.

முதல் பாகம் (1605) 33-ஆம் அத்தியாயத்தில் பலருக்கு நின்றுவிடும். கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு குறுநாவல் அங்கே நுழைந்து மூன்று அத்தியாயம் ஓடும். தாண்டிப் போங்கள், குற்றமில்லை. இரண்டாம் பாகத்தில் (1615) பாத்திரங்களே முதல் பாகத்தைப் பற்றிப் பேசும்போது, வாசகர்கள் அந்தக் குறுநாவலைக் குறை சொன்னதாக ஒரு பேச்சு வரும். நாயகனின் பணியாள் சான்ச்சோவின் கழுதை திருடு போன விவகாரத்தில் விழுந்த ஓட்டையும் அலசப்படும். இடையில் 1614-ல் வேறொருவர் போலி இரண்டாம் பாகம் எழுதி வெளியிட்டுவிட்டார். அதில் நாயகன் சரகோசா போவதால், செர்வாந்தெஸ் தன் நாயகனை வேண்டுமென்றே பார்சலோனாவுக்குத் திருப்பிவிடுகிறார். இது தெரியாமல் இரண்டாம் பாகத்தைப் படித்தால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

படி 3: ரொமான்ஸே

இங்கே மட்டும் மூலத்தைப் பக்கத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். ரொமான்ஸே என்பது வரிக்கு எட்டு அசை கொண்ட கதைப்பாடல். நேர், நிரைக் கணக்கு உதவாது. உயிரொலிகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை உதைப்பதும் இங்கேதான். கவிஞர் லோர்காவின் 1928 தொகுப்பிலிருந்து நான்கு வரி:

வெர்தே கே தே கியேரோ வெர்தே
வெர்தே வியெந்தோ வெர்தெஸ் ராமாஸ்
எல் பார்கோ சோப்ரே லா மார்
இ எல் கபாயோ என் லா மொந்தாஞா

முதல் இரண்டும் சரியாக எட்டு. மூன்றாவதில் ஏழுதான் கிடைக்கும். கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் ஒன்று கூட்டிக்கொள்வது விதி. நான்காவதில் பத்து வரும். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஓர் அசை. 'இ எல்', 'யோ என்' இரண்டையும் சேர்த்தால் எட்டு. இரட்டைப்படை வரிகளில்தான் இயைபு, அதுவும் உயிரொலியில் மட்டும்: ராமாஸ், மொந்தாஞா.

படி 4: நாடகம்

லோபெ தெ வேகா 1609-ல் தன் நாடக முறையைச் செய்யுளாகவே எழுதிவைத்தார்: மூன்று அங்கம், சோகமும் சிரிப்பும் கலந்து. அவருடைய 'ஃபுவெந்தே ஒவெஹுனா' போதும். கொடுங்கோல் அதிகாரியை ஊரே சேர்ந்து கொல்கிறது. யார் கொன்றது என்று சித்திரவதை செய்து கேட்டாலும் ஊர்ப்பெயர்தான் பதில். அப்புறம் இன்னொரு நாடகாசிரியரான கால்தெரோன்.

படி 5: ஒரு தாவல்

பதினெட்டாம் நூற்றாண்டை இப்போதைக்கு விடுங்கள். கால்தோஸின் 'ஃபோர்துனாதா இ ஹசிந்தா' (1887) யதார்த்த நாவலுக்கு. ஆனால் தடிமன் பயமுறுத்தும். அதைவிட உனாமுனோவின் 'நியெப்லா' (1914) எனக்குப் பிடிக்கும். நாயகன் உனாமுனோ வாழ்ந்த சலமான்கா நகருக்கே போய், தன்னைப் படைத்த ஆசிரியரிடமே சண்டை போடுகிறான். செர்வாந்தெஸைப் படித்தவர்களுக்கு இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று உடனே புரியும்.

பின்சேர்க்கை: மார்க்கேஸ், போர்ஹெஸ் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் கொலம்பியா, அர்ஜென்டினாக்காரர்கள். இது ஸ்பெயினுக்கான வரிசை. 'சித்' எப்போது? கடைசியில். 1200 வாக்கில் உருவான அந்தக் காவியத்தில் வரி நீளம் நிலையாக இருக்காது, நடுவில் ஒரு நிறுத்தம் மட்டும் உண்டு. ஆனால் இயைபு படி 3-ல் பார்த்த அதே உயிரொலி இயைபுதான், காது பிடித்துக்கொள்ளும்.