மைசெல்ஃப் சொன்னால் 'ஐ எங்கே?'

எங்கள் வகுப்பு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறை. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்தது. இப்போது மாலை ஆறரை மணிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ். முதல் நாள் எல்லோரும் எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு பேர் எழுந்தால் பத்துப் பேராவது "மைசெல்ஃப் சுரேஷ்", "மைசெல்ஃப் கவிதா" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் முதல் இண்டர்வியூவில் நானும் அதையேதான் சொன்னேன். எதிரே இருந்த பெரியவர் சிரிக்காமல், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "ஐ எங்கே போனார்?" என்று கேட்டார். அன்றைக்கு அவமானமாக இருந்தது. வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் இந்தப் பாடத்தில் பாதி அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

மைசெல்ஃப் தனியாக வராது. அது ஐ-யின் நிழல். வாக்கியத்தில் ஐ முன்னால் நின்று ஏதாவது செய்ய வேண்டும். அந்தச் செயல் திரும்பி ஐ மேலேயே விழ வேண்டும். அப்போதுதான் மைசெல்ஃப். ஆகவே பெயர் சொல்ல "ஐ ஆம் சுரேஷ்" போதும். "மைசெல்ஃப் அண்ட் குமார் வெண்ட் டு த பேங்க்" என்பதும் இதே தப்புதான். "குமார் அண்ட் ஐ வெண்ட்" என்று சொல்லுங்கள்.

மொத்தம் எட்டுச் சொற்கள்: மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், பன்மைக்கு அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ். மை, யுவர், அவர் என்று போகும் வரிசையில் ஹிஸ் வராமல் ஹிம் வந்து உட்கார்ந்துகொள்வது ஆங்கிலத்தின் கோளாறு, உங்களுடையது அல்ல. 'ஹிஸ்செல்ஃப்', 'தெயர்செல்வ்ஸ்' என்று வாய் தானாகப் போகும், பிடித்து நிறுத்துங்கள். இன்னொன்று, மரியாதைக்காக நாம் 'நீங்கள்' சொல்வதால் ஒரே டாக்டரிடம் யுவர்செல்வ்ஸ் என்று கேட்கக் கூடாது. எதிரே ஒருவர் என்றால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் யுவர்செல்ஃப்தான்.

இனி தமிழுக்கு வருகிறேன். நம் மக்கள் தடுமாறும் இடம் ஆங்கில இலக்கணத்தில் இருப்பதைவிடத் தமிழில்தான் அதிகம் இருக்கிறது.

தமிழில் படர்க்கைக்கு மட்டும்தான் 'தன்னை' என்று தனிச்சொல் உண்டு. நான், நீ இரண்டுக்கும் கிடையாது. "அவன் என்னைப் பார்த்தான்", "நான் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன்" இரண்டிலும் அதே 'என்னை'. அந்தப் பழக்கத்தில் "ஐ சா மீ இன் த மிரர்" என்று வந்துவிடும். பார்த்தவரும் பார்க்கப்பட்டவரும் ஒரே ஆளா என்று ஒரு நொடி யோசியுங்கள். ஒரே ஆள் என்றால் "ஐ சா மைசெல்ஃப்". அப்புறம் தமிழ் 'தன்னை'க்கு ஆண் பெண் பேதம் இல்லை. ஆங்கிலத்தில் யார் செய்தார் என்று பார்த்து ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப் மூன்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பூனை தன்னை நக்கிக்கொண்டால் இட்செல்ஃப்.

அடுத்தது 'கொள்'. "வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டேன்": ஐ கட் மைசெல்ஃப். "தோசைக்கல்லில் சுட்டுக்கொண்டேன்": ஐ பர்ன்ட் மைசெல்ஃப். இதைப் பார்த்ததும் ஒரு சூத்திரம் கிடைத்துவிட்ட சந்தோஷம் வரும்: 'கொண்டேன்' வந்தால் மைசெல்ஃப் போடு! அவசரப்படாதீர்கள். "சவரம் செய்துகொண்டேன்" வெறும் "ஐ ஷேவ்ட்". "கை கழுவிக்கொண்டேன்" வெறும் "ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்". "கற்றுக்கொண்டேன்" வெறும் "ஐ லர்ன்ட்". வாத்தியார் இல்லாமல் நீங்களாகவே கற்றிருந்தால் மட்டும் "ஐ டாட் மைசெல்ஃப்". கல்யாணம் செய்துகொண்ட ஒருவர் "ஐ மேரீட் மைசெல்ஃப்" என்று எழுதிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையும் அவரே, பெண்ணும் அவரே.

அதே 'கொள்' இரண்டு பேருக்குள் நடப்பதையும் சொல்லும். என்னிடம் படித்த ஒரு செக்யூரிட்டி சூப்பர்வைசர் இரவு ரிப்போர்ட்டில், பார்க்கிங்கில் இரண்டு டிரைவர்கள் அடித்துக்கொண்டார்கள் என்பதை "டூ டிரைவர்ஸ் வேர் பீட்டிங் தெம்செல்வ்ஸ்" என்று எழுதினார். அவரவர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு நின்றார்கள் என்று ஆகிவிட்டது! ஒருவரையொருவர் என்றால் 'ஈச் அதர்'. தன்னைத் தானே என்றால்தான் தெம்செல்வ்ஸ். விபத்துக்குப் பிறகு "தே ப்ளேம்ட் தெம்செல்வ்ஸ்" என்றால் வருத்தம். "தே ப்ளேம்ட் ஈச் அதர்" என்றால் சண்டை.

இப்போது சொல்லப்போவதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் சறுக்கும் இடம் இது.

ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண், தலைமை அலுவலகத்துக்கு மெயில் எழுத வேண்டியிருந்தது. விஷயம் இதுதான்: "கஸ்டமர் தன்னை அவமானப்படுத்திவிட்டதாக மேனேஜர் சொன்னார்." தமிழில் எந்தக் குழப்பமும் இல்லை, அவமானப்பட்டது மேனேஜர். அந்தப் பெண் 'தன்னை'யை அப்படியே ஹிம்செல்ஃப் ஆக்கி, "த மேனேஜர் செட் தட் த கஸ்டமர் ஹேட் இன்சல்டட் ஹிம்செல்ஃப்" என்று அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் இதன் பொருள், கஸ்டமர் தன்னைத் தானே அவமானப்படுத்திக்கொண்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

ஏன் இப்படி? தமிழ் 'தன்னை' தூரப் பார்வைக்காரர். பக்கத்தில் இருக்கும் ஆளைத் தாண்டி, வாக்கியம் முழுவதையும் சொல்லிக்கொண்டிருப்பவரை எட்டிப் பிடிக்கும். ஆங்கில ஹிம்செல்ஃப் கிட்டப் பார்வைக்காரர். தன் சொந்தச் சின்ன வாக்கியத்துக்குள் யார் செயலைச் செய்தாரோ, அவரை மட்டும்தான் தெரியும். போர்டில் நான் 'தட்' வரும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு அதைச் சுவர் என்று சொல்வேன். ஹிம்செல்ஃப் சுவர் தாண்டாது. தாண்ட வேண்டுமென்றால் வெறும் ஹிம். அந்த மெயிலில் "இன்சல்டட் ஹிம்" என்று இருந்திருக்க வேண்டும். அந்த ஹிம் வேறு யாரையாவது குறிக்குமோ என்று சந்தேகம் வந்தால் பேசாமல் "த மேனேஜர்" என்று இன்னொரு முறை எழுதிவிடுங்கள். ஆபீஸ் கடிதத்தில் அழகைவிடத் தெளிவு முக்கியம்.

'தட்' இல்லாமலும் சுவர் இருக்கும். "ரவி குமாரைத் தனக்கு உதவச் சொன்னான்." உதவி யாருக்கு? ரவிக்கு. ஆங்கிலத்தில் "ரவி ஆஸ்க்ட் குமார் டு ஹெல்ப் ஹிம்". இங்கே ஹிம்செல்ஃப் போட்டால், உதவப்போகிறவன் குமார் என்பதால் அது குமாரிடமே திரும்பிவிடும். போதாததற்கு 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்றால் விருந்தில் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள் என்று அர்த்தம். குமார் நேராக வடைத் தட்டுக்குப் போய்விடுவான். 'டு' பார்த்தால், அதற்குப் பின்னால் இருக்கும் வேலையை யார் செய்யப்போகிறார் என்று கேளுங்கள். செல்ஃப் அவருக்குச் சொந்தம்.

அழுத்திச் சொல்வதற்கும் இதே சொற்கள்தான் வரும். "த கலெக்டர் ஹிம்செல்ஃப் கேம்": கலெக்டரே வந்தார். ஹிம்செல்ஃபை எடுத்துவிட்டுப் படியுங்கள். வாக்கியம் நொண்டாமல் நின்றால் அது அழுத்தம். "ஐ கட் மைசெல்ஃப்" என்பதில் எடுத்தால் என்ன வெட்டினாய் என்று கேள்வி வரும். அது நிஜமான ரிஃப்ளெக்சிவ், அதாவது செயல் செய்தவர் மேலேயே திரும்பி விழுவது. இங்கே தமிழ் 'ஏ'யையும் 'தான்'ஐயும் குழப்பக் கூடாது. "நானே சமைத்தேன்" என்றால் "ஐ குக்ட் இட் மைசெல்ஃப்". "நான்தான் சமைத்தேன்" என்பது யார் சமைத்தது என்ற கேள்விக்குப் பதில். ஐ-யைக் கொஞ்சம் அழுத்தி "ஐ குக்ட் இட்" என்றால் முடிந்தது. "ஐ ஒன்லி குக்ட்" என்று நாம் போடும் ஒன்லியை வெளியூர்க்காரர்கள் 'சமைத்தது மட்டும்தான், வேறொன்றும் செய்யவில்லை' என்று எடுத்துக்கொள்வார்கள். 'பை மைசெல்ஃப்' என்றால் தனியாக, துணையில்லாமல்.

சில சில்லறை விஷயங்கள். "குடையை எடுத்துக்கொண்டு போ" என்பது "டேக் த அம்ப்ரெல்லா வித் யூ". இடம், துணை சொல்லும்போது பெரும்பாலும் வெறும் மீ, யூ, ஹிம் போதும். ஊட்டி போய் வந்துவிட்டு "வி எஞ்சாய்ட்" என்று நிறுத்தாதீர்கள். எதை என்று கேட்பார்கள். "வி எஞ்சாய்ட் அவர்செல்வ்ஸ்" என்று முடியுங்கள். கட்டளையில் யூ வெளியே தெரியாது, ஆனால் உள்ளே இருக்கிறது. அதனால்தான் "பிஹேவ் யுவர்செல்ஃப்" சரி.

மெயிலில் "ப்ளீஸ் காண்டாக்ட் மைசெல்ஃப்" என்று எழுதுவது மட்டும் எனக்கு எரிச்சல். 'மீ' சின்னதாக, மரியாதைக் குறைவாகத் தெரிகிறதாம்! ஆங்கிலேயர்களும் இதைச் செய்கிறார்கள் என்று ஒரு மாணவர் வாதாடினார். உண்மைதான், செய்கிறார்கள். இருந்தாலும் தொடர்புகொள்ளப்போவது எதிராளி, நீங்கள் அல்ல. "காண்டாக்ட் மீ" என்று தைரியமாக எழுதுங்கள்.

வகுப்பு முடியும்போது ஒரு தமிழ் வாக்கியம் கொடுத்து அனுப்புவேன். உங்களுக்கும் தருகிறேன்: "தன்னைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்று அப்பா தம்பியிடம் சொன்னார்." பேசக் கூடாதவன் தம்பி, பேசப்படக் கூடாதவர் அப்பா. நடுவில் சுவர் இருக்கிறது. "அப்பா டோல்ட் தம்பி நாட் டு டாக் அபவுட்..." வரைக்கும் நான் எழுதிவிட்டேன். கடைசிச் சொல்லை நீங்கள் போடுங்கள்.