அடி விழுந்த மாதிரியே தெரியவில்லையே! சண்டைப் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த செலவில் சண்டைப் படம் எடுக்கப் புறப்படும் தம்பிமார் முதலில் போய் நிற்பது கமரா வாடகைக்கு விடும் கடையில். பிழை அங்கேயே தொடங்குகிறது. கையில் உள்ள காசில் பாதி வாடகைக்குப் போனால், சண்டை போடும் பெடியளுக்குச் சாப்பாடு போட்டு ஒத்திகை பார்க்க என்ன மிஞ்சும்? பழைய கமரா போதும். ஒத்திகையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வெள்ளவத்தையில் ஒரு மொட்டைமாடி ஒத்திகைக்குப் போயிருந்தேன். குத்து விடுகிறவர் நல்ல கராத்தேக்காரர், வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் கமரா பக்கவாட்டில் நின்றதால் முஷ்டிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. குத்து வாங்கும் பையனோ, கை வருமுன்பே கண்ணை மூடித் தலையைத் திருப்பிவிட்டான். கமராவைக் குத்துபவரின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். முஷ்டி முகத்தைக் கடக்கும் கணத்தில்தான் தலை திரும்ப வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழாவது தடவை, பார்த்துக்கொண்டு நின்ற எனக்கே கன்னம் கூசியது. அடியை நம்பவைப்பது வாங்குகிறவர்தான். அவருக்கும் அதே அளவு பயிற்சி கொடுங்கள்.

இது சரிவராதபோதுதான் கமராவை ஆட்டி, நொடிக்கு நொடி வெட்டி ஒப்பேற்றுகிறார்கள். யார் யாரை அடித்தார் என்றே புரியாது. தலை முதல் கால் வரை தெரியும்படி தள்ளி நின்று எடுங்கள். மூன்று நான்கு அசைவுகளாவது வெட்டாமல் ஓடட்டும்.

அப்புறம், இடம். காலையில் காலிமுகத்திடல், மத்தியானம் புறக்கோட்டை, பின்னேரம் முகத்துவாரம் என்று திட்டம் போட்டால் பாதி நாள் வாகன நெரிசலிலேயே போய்விடும். கொழும்பில் எந்த மாதமானாலும் ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். 2011இல் வந்த இந்தோனேசியப் படம் 'தி ரெய்ட்' பெரும்பாலும் ஒரே அடுக்குமாடிக்குள் நடக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டடம் கிடைத்தாலும் போதும். உள்ளே டியூப் லைட் என்றால் கமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள், இல்லாவிட்டால் படம் மினுங்கும். விளையாட்டுத் துப்பாக்கியோடு தெருவில் ஓடும் காட்சியை அனுமதி இல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

விழும் காட்சிக்கு, கடைகளில் வெற்று அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி அடுக்கி, மேலே மெத்தை போடுங்கள். வெறும் சீமெந்துத் தரையில் ஒருவரையும் விழச் சொல்லாதீர்கள். விழுந்த பையன் கழுத்து வலிக்கிறது என்றால் படப்பிடிப்பை அந்த இடத்திலேயே நிறுத்தி, அவனை அசைக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.